முகம் தெரிகிற வேஷம்

நடிப்பு என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கும் தொழில். மேடையோ, சினிமாவோ, சீரியலோ, மேக்கப்பைப் போட்டுக்கொண்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் சக கஷ்டஜீவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். நான் மதுரைக்காரி. கோயில் திருவிழா நாடகத்தில் ராணியாக ஆரம்பித்து, சினிமாவில் கூட்டத்தில் ஒருத்தி என்ற அளவுக்கு முன்னேறியிருக்கிறேன்.

டெய்லர் கடை

காளவாசலில் வீடு. நானும் அம்மாவும்தான். நான் நடிக்கப் போவதை அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் கேட்டால், "டெய்லர் கடைக்குப் போறா" என்று சொல்லிவிடுவாள். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா ஒருத்தி ஜாக்கெட் துணியை என் மடியில் போட்டு, கை இறக்கம் எவ்வளவு வேண்டும் என்று விளக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். பெற்றவளே என் தொழிலை மறைக்கிறாளே என்று உண்மையிலேயே வலித்தது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கூட்டத்தோட கூட்டமா நிக்கிறவள என்னன்னுடி சொல்றது? சினிமாவுல உன் மூஞ்சி பெருசாத் தெரியட்டும். நானே வந்து பாக்குறேன், நாலு பேருகிட்டச் சொல்றேன்."

ரெண்டு ராணி

சினிமாவுக்கு முன்னால் நாடகக் கதை ஒன்று. எங்கள் பக்கத்து நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜா ஒரு ஊரிலிருந்து வருவார், ராணி ஒரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் வண்டி எப்படியோ ஓடிவிடும்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு ஊரில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் என்னை ராணி வேஷத்துக்குப் பேசிவிட்டார். அது தெரியாமல் இன்னொருவர் திண்டுக்கல்காரி ஒருத்தியைப் பேசிவிட்டார். இரண்டு பேரும் கிரீடம் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் எதிரும் புதிருமாக நிற்கிறோம். வெற்றிலை பாக்கு கொடுத்துக் கூப்பிட்டவளைத் திருப்பி அனுப்பினால் சாமி குத்தம் என்று ஊரே கையைப் பிசைகிறது. கமிட்டித் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "எந்த ராஜாம்மா ஒத்தப் பொண்டாட்டியோட இருந்தான்? ரெண்டு பேரும் ஏறுங்க!"

குடம்

என் முதல் சினிமாவில் நான் தண்ணீர் எடுத்துப் போகும் பெண். துணை நடிகர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அண்ணன், வரும்போது குடத்தையும் கொண்டுவந்துவிடு என்றார். வீட்டுப் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். வயிற்றில் நசுங்கல் விழுந்த குடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்தேன்.

படம் வந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மா எனக்கு முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அம்மா இருக்கும்போதே வாசலில் நின்று சொன்னாள்: "ஒன் முதுகுதான்க்கா தெரிஞ்சுச்சு. குடத்து நசுங்கல வச்சுத்தான் நீன்னு கண்டுபிடிச்சேன்."

ஒப்பாரி

அதற்கப்புறம் எனக்கு வந்ததெல்லாம் அழுகிற வேஷம். திருமங்கலம் தாண்டி, ரோட்டோரத்து வீடு ஒன்றில் சாவு சீன். பந்தல், சங்கு, தப்பு மேளம் என்று எல்லாம் அசலாக இருந்தன. கேமராவைச் சன்னலுக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். "இந்த ஷாட்ல உங்க முகம்தான்க்கா" என்று உதவி இயக்குநர் சொல்லியிருந்தார். அம்மா சொன்ன முகம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வாயைத் திறந்து அழ ஆரம்பிக்கவும், ரோட்டில் போன பஸ்ஸை நிறுத்தி ஒரு அம்மா இறங்கி ஓடிவந்தார். வந்த வேகத்தில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார் பாருங்கள், நான் செத்தாலும் எனக்கு அப்படி வராது. டைரக்டர் கட் சொல்லவே இல்லை. கேமரா முழுக்க அந்த அம்மாவின் முகம். என் முகம் அவர் தோளில் புதைந்திருந்தது. எல்லாம் முடிந்து, இது ஷூட்டிங் என்று பயந்து பயந்து சொன்னோம். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அதனால என்ன, அழுதது அழுததுதானே. எனக்கு ஒரு டீ சொல்லுங்க."

அம்மா வேஷம்

போன வருஷம் ஏஜென்ட் அண்ணன் போன் செய்தார். கதாநாயகனுக்கு அம்மா வேஷம், முகம் திரை முழுக்க வரும், வசனம் மட்டும் கிடையாது என்றார். ஏன் வசனம் இல்லை என்று போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. படம் ஆரம்பிக்கும்போதே அம்மா செத்துவிடுகிறாள். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கழுத்தில் ரோஜா மாலை. அசையாமல் படுத்துக் கிடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமரா என் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

பிணமாக நடித்தவளை அப்படியே எழுப்பி அனுப்பமாட்டார்கள். கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், அதையும் படம் பிடிப்பார்கள். செத்ததாக நடித்த தோஷம் அதோடு போய்விடும் என்று ஒரு வழக்கம். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. தெரிந்தும் நான் சிரித்தேன். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த சிரிப்பு, நிறுத்த மனம் வரவில்லை. கடைசியில் கேமராமேனே கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிவிட்டார்: "போதும்க்கா, நீங்க செத்துக் கெடந்ததவிட சிரிப்பு நீளமாப் போகுது."

பகல் காட்சி

படம் வெளியானது. நான் வீட்டில் மூச்சு விடவில்லை. முகம் பெரிதாகத் தெரியட்டும் என்றுதான் அம்மா கேட்டாள், தெரிகிறது. ஆனால் மகள் மாலையோடு கிடப்பதை வந்து பார் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? எனக்குத் துக்கமாகவே இருந்தது. வழக்கம்போல மாரியம்மாதான் போட்டு உடைத்தாள். அம்மா என்னைப் பார்த்து, "முடிஞ்சதும் சிரிக்கச் சொல்லுவாகளாமே, சிரிச்சியா?" என்றாள். சிரித்தேன் என்றேன். "நல்லாச் சிரிச்சியா?" வாய் வலிக்கச் சிரித்தேன் என்றேன். "அப்பச் சரி, வாரேன்" என்று நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள்.

மத்தியானக் காட்சி. திரை முழுக்க என் முகம் வந்ததும், அம்மா இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த சீன் முடியும்வரை விடவில்லை. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள், அம்மா அழவே இல்லை. வெளியே வந்ததும் அவள் முதலில் சொன்னது, "தொண்டை அசைஞ்சுச்சுடி. எச்சி முழுங்குன. நான் பாத்துட்டேன்." டைரக்டரும் எடிட்டரும் பார்க்காதது அது. அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

ஷேர் ஆட்டோவில் எதிரே இருந்த ஒரு பெண் என்னையே உற்று உற்றுப் பார்த்தாள். உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே, எந்தக் கடையில் வேலை என்று கேட்டாள். நான் டெய்லர் கடை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், பழக்க தோஷம். அதற்குள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆட்டோவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்: "கடையுமில்ல கண்ணியுமில்ல. சினிமாவுல செத்துக் கெடக்குறாள்ல, அது எம் மகதான்!"

இத்தனை வருஷம் ஆடியும் பாடியும் அழுதும் கிடைக்காத பெயர் எனக்கு அசையாமல் படுத்துக் கிடந்ததில் கிடைத்தது, அதிலும் கொஞ்சம் அசைந்துவிட்டேன்.