சலாட் வகுப்பும் என் மத்தியானச் சோறும்

இன்று மத்தியானம் என் கூட்டாளி சிவம் நகரத்தின் மற்றப் பக்கத்திலுள்ள ஹவுகெட்டோவிலிருந்து வந்தான். கையில் ஒரு பெட்டி நிறையச் சலாட்.

வந்ததும் என் மருமகளுக்கு வகுப்பு. "பிள்ளை, வெள்ளரிக்காய், கரட், தக்காளி. மேலாலை தேசிப்புளி, கொஞ்சம் மிளகுத்தூள். அஞ்சு நிமிச வேலை. அண்ணைக்கு இனி மத்தியானத்திலை சோறு குடுக்காதையும்."

போன கிழமைதான் டொக்டர் எனக்குச் சீனி கூடிவிட்டது என்று சொல்லியிருந்தார். மருமகள் சோற்றுப் பானையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாய் திறக்காவிட்டால் என் சோறு போய்விடும்.

"சிவம், நோர்வேக்கு வந்த புதிசிலை, அகதி முகாமிலை இதையே உன்ரை தட்டிலை வைச்ச நோர்வேக்கார மனிசியிட்டை என்ன கேட்டனீ?"

"ஆருக்கு அண்ணை ஞாபகம்?"

"எனக்கு. ஆட்டுக்கு வைக்கிறதை எனக்கேன் வைக்கிறியள் எண்டு தமிழிலை கேட்டனீ. அவ சிரிச்சுக்கொண்டு இன்னொரு கரண்டி வைச்சவ."

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தவரைச் சோறு போடாமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சிவத்துக்குச் சோறும் மீன்குழம்பும். எனக்கு அவன் கொண்டுவந்த சலாட்.

"மாமா, அங்கிள் சொன்னது நல்ல விசயம்தானே," என்றாள் மருமகள்.

"ஓம், உடம்புக்கு நல்லது," என்றான் அவன், இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு.

நானும் நாளை முதல் வீடு வீடாகச் சலாட் வகுப்பு எடுக்கலாம் என்றிருக்கிறேன். குரோருட் பக்கம் மத்தியானத்தில் சோறு சமைக்கிறவர்கள் கூப்பிடுங்கள். எழுதாதீர்கள், எனக்கு வாசிக்கத் தெரியாது, இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதினாள். போன் எடுங்கள்.