திருப்பாமல் விட்ட கால் சுற்று

ருவான்வெல்லைக் கடைத்தெருவைத் தாண்டி வரக்காப்பொலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பஸ் இல்லை. வந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். பஸ்ஸுக்குள் தெரிந்த முகம் ஒன்று இருக்கும், எங்கே போகிறாய் என்று கேட்கும். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு சோல்டரிங் அயன். அது நான் விட்டுப்போன ஆறாவதோ ஏழாவதோ தோட்டம். மற்ற இடங்களில் வேலை தீர்ந்தது, அல்லது துரத்தினார்கள். இங்கே யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

வடக்கில் சண்டை நின்றிருந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களில் நடந்தது இது. ரப்பர் தோட்டம். ஃபேக்டரியில் மோட்டார், வயர் என்று சொன்ன வேலையைச் செய்வேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்களின் ரேடியோக்களையும் பழுது பார்ப்பேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தோட்ட ஆபீஸில் ஒரு கிளாக்கர் இருந்தார். வேதக்காரர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் எடுத்திருந்தார். வீட்டிலிருந்தபடியே சொந்தக் கருவியில் மற்ற நாட்டு ஆட்களோடு பேச அரசாங்கம் கொடுக்கும் அனுமதி அது. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவர் என்னைத் ‘தம்பி’ என்பார், நான் அவரை ‘ஐயா’ என்பேன்.

எனக்கு அவர்மேல் பொறாமை. அந்தத் தாள்மேல், அவர் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டுகிற விதத்தின்மேல், அந்தத் ‘தம்பி’யின்மேல்.

அவரிடம் ஐந்து வாட் கருவி ஒன்று இருந்தது. ஆன்டெனா இல்லை.

“வெளிய கம்பி கட்ட வேணாம்னு தொரை சொல்லிட்டாரு தம்பி. தமிழ் ஆளு கூரைல கம்பியப் பாத்தா பொலிஸ் கேக்குமாம். வீட்டுக்குள்ளயே வளையம் மாதிரி செய்யலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு. முடியுமா?”

“குழா வாங்கித் தாங்க, பாப்போம்” என்றேன்.

ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான செப்புக் குழாய் வளையம். குழாயின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாது. நடுவில் ஒரு கண்டன்சர். அதன் குமிழைத் திருப்பித்தான் பேசுகிற அலைவரிசைக்கு வளையத்தைக் கொண்டுவர வேண்டும். குழாயை ருவான்வெல்லையில் ஃபிரிட்ஜ் திருத்துகிறவரிடம் வாங்கினோம். அதைச் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு நான் தோட்டத்துக்குள் வந்தபோது லயத்து வாசல்களில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் செப்புக் குழாயோடு போனால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: ஓடைக்கரையில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்ச.

“என்னா அண்ணே, எந்த ஓடையில அடுப்பு?”

“மொதப் போத்தல் எனக்குத்தான், சொல்லிட்டேன்!” என்றான் தோட்டத்து வாச்சர்.

முதலில் என் லயத்து அறையில் வைத்துப் பார்த்தேன். தகரக் கூரைக்கு அடியில் வளையம் ஊமையாகக் கிடந்தது. இரண்டு வாரம் என் கைவேலைதான் பிழை என்று நினைத்துப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். பிறகு கிளாக்கருடைய குவாட்டர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஓட்டு வீடு. குமிழைத் திருப்பியதும் சத்தம் அலைபோல எழும்பி வந்தது. அன்றைக்கு அவருடைய கூரைமேலும் பொறாமை வந்தது.

பேசிப் பார்த்தபோது கண்டன்சர் தகடுகளுக்கு நடுவில் நீலமாகப் பொறி பறந்தது. ஐந்து வாட்டுக்கே அப்படி. அது பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்டன்சர், ஒரே தண்டில் இரண்டு பகுதி. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் பொறி தாண்ட வேண்டிய தூரம் இரட்டிப்பாகும் என்று நானே யோசித்துச் செய்தேன். பொறி நின்றது. கையைக் கிட்டே கொண்டுபோனாலே வளையம் அலைவரிசையை விட்டு இடம் மாறிவிடும் என்பதால் குமிழில் ஒரு நீளப் பிளாஸ்டிக் குழாயைச் செருகித் தள்ளி நின்று திருப்பினேன். கிளாக்கர் மைக்கைப் பிடிப்பார், நான் குழாயைப் பிடிப்பேன்.

ஒரு ஞாயிறு காலை தூத்துக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் அகப்பட்டார். அவரும் தமிழிலேயே பேசினார்.

“அஞ்சு வாட்லயா? அதுவும் வீட்டுக்குள்ள இருந்தா? நம்ப முடியலையே! ஆன்டெனா யாரு செஞ்சது?”

கிளாக்கர் மைக்கை அழுத்தினார். “நானே சொந்தமா செஞ்சதுங்க.”

இங்கிலீஷில் சொல்லியிருந்தால் எனக்கு விளங்காமல் போயிருக்கும். நான் இரண்டடி தள்ளிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பேசி முடித்த பிறகு, “ஒன் பேரச் சொன்னா லைசன்ஸ் இருக்கானு கேப்பாங்க தம்பி. ஒரு பேச்சுக்குத்தான்” என்றார். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அவருடைய வேதக் கோயிலுக்கு வந்தவர்களிடமும் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரிடமும் அவர் அதையேதான் சொன்னார். அவர்கள் யாரும் லைசன்ஸ் கேட்கிறவர்கள் இல்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் ஆளிடம், ‘இது அவன் செய்தது’ என்று அவர் சொல்லி நான் கேட்க வேண்டும் என்று இருந்தது. வேறு ஒன்றும் எனக்கு அவரிடம் வேண்டியிருக்கவில்லை.

அப்படி அவர் வாயால் கேட்கவும் செய்தேன்.

மூன்று நான்கு மாதம் கழித்து, பெரிய தொரை கொழும்புக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, அவருக்கு அடுத்தபடியாகப் புதிதாக வந்த சின்ன தொரை வாச்சரோடு நாங்கள் இரண்டு பேரும் இருந்த குவாட்டர்ஸுக்குள் வந்தார். கிளாக்கர் வீட்டுக்குள் கசிப்புக் குழாய் இருக்கிறது என்று வாச்சர் போய்ச் சொல்லியிருக்கிறான். விளையாட்டாகச் சொன்னானோ, நல்ல பேர் எடுக்கச் சொன்னானோ தெரியாது. சின்ன தொரை வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கவுத மேக்க ஹெதுவே?” யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

கிளாக்கர் என்னைப் பார்த்தார். “இவருதான், சேர்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில், “சொல்லு தம்பி. ஒனக்குத்தானே எல்லாம் தெரியும். நீதானே செஞ்ச” என்றார்.

அவரைவிட எனக்குச் சிங்களம் நன்றாக வரும். சொல்லியிருக்கலாம்.

“மம தன்னே நே, சேர்” என்றேன். எனக்குத் தெரியாது. பிறகும் சிங்களத்திலேயே சொன்னேன்: “ஐயா தானே சொந்தமா செஞ்சதா எல்லார்கிட்டயும் சொன்னாரு.”

கிளாக்கர் சுவரிலிருந்த தாளைக் கழற்றிக் காட்டினார். அதில் ரேடியோவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது, குழாயைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றார் சின்ன தொரை. “இது ஆன்டெனாதான் சேர், போட்டுக் காட்டுறேன்” என்று கிளாக்கர் கருவியைப் போட்டார். வெறும் இரைச்சல். முந்தின நாள் அடையாளம் போட்டு வைத்த இடத்தில்தான் குமிழ் நின்றது. ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் நான்கு பேர். வாச்சர் வளையத்தை ஒட்டி நின்றான். ஆட்கள் அப்படி நெருங்கினால் வளையம் இடம் மாறும். குமிழைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்ப வேண்டும். அவருக்கு அது தெரியாது, அந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பிடித்தவன் எப்போதும் நான்தான். அவர் முன்னுக்குத் திருப்பினார். இன்னும் முன்னுக்கு.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“பெரிய தொரை வரட்டும். ரேடியோவும் ஆபீஸில இருக்கட்டும்” என்று சொல்லிச் சின்ன தொரை கருவியைத் தானே எடுத்துக்கொண்டார். வளையம் கதவுக்குள் நுழையவில்லை. கொண்டுவந்தபோது சாய்த்துத்தான் கொண்டுவந்திருந்தேன். வாச்சர் அதைத் தரையில் போட்டு மிதித்து மடித்துத் தூக்கிக்கொண்டு போனான்.

கிளாக்கர் கையிலிருந்த தாளை வெறும் ஆணியில் திரும்ப மாட்டினார்.

“ஆளுங்க கிட்ட நின்னதுல எடம் மாறிருக்கும், இல்ல?”

“ஆமாங்க.”

“எந்தப் பக்கம் திருப்பணும்?”

“பின்னுக்கு. கால் சுத்து.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருந்திருப்பேன். “சரிங்க” என்றார். அதுவரை என்னிடம் அவர் ‘ங்க’ போட்டதில்லை. லயத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அன்று வரக்காப்பொலையில் பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் படுத்தேன். காலையில் சந்தைப் பக்கத்தில் ஒரு ரேடியோ கடையில் ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தது. உள்ளே போனேன். கடைக்காரர் முஸ்லிம், நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார்.

“வேலை தெரியுமா?”

“தெரியும்.”

“இதுக்கு முன்ன என்ன செஞ்சிருக்கீங்க? யாரக் கேட்டா ஒங்களப் பத்திச் சொல்வாங்க?”

என் வேலையைக் கண்ணால் பார்த்தவர், நன்றாகச் சொல்லக்கூடியவர், ஒருவர் இருந்தார். தோட்டத்து ஆபீஸில் போனும் இருந்தது.

“அப்படி யாரும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாலு கடை தள்ளி மரம் விற்கிற ஒரு மரக்காலை. அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு லொறியிலிருந்து பலகை இறக்கத் தொடங்கினேன்.