கோபக் காட்சிக்கு உப்புமா

எங்கள் கல்லூரித் தோழி ஒருத்தி படம் எடுத்தாள். வாரமெல்லாம் ஐ.டி. வேலை, சனி ஞாயிறில் டைரக்டர். விடுதியில் ஒரே அறையில் இருந்த மூன்று பேர் பல வருடம் கழித்துச் சந்திக்கிற கதை. பட்ஜெட் என்று ஒன்று இல்லாததால் பெங்களூர் தொம்மலூரில் அவள் குடியிருந்த வாடகை வீடுதான் செட், அவள் போன்தான் கேமரா. அதே விடுதி அறையில் அவளோடு இருந்த நானும் இன்னொருத்தியும் நடிகைகள்.

அந்த இன்னொருத்தியும் நானும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் தன் கல்யாணத்தை எனக்குச் சொல்லவில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நகமும் சதையுமாக இருந்தவளுக்கு ஒரு பத்திரிகைகூட இல்லை. அவள் லிங்கராஜபுரத்தில், நான் அத்திபெலேயில். பெங்களூரில் ஒருவரைப் பார்க்காமல் இருக்க வைராக்கியமெல்லாம் வேண்டாம், டிராஃபிக் மேல் பழி போட்டால் போதும். ஆனாலும் நான் வைராக்கியமாகத்தான் இருந்தேன். அவளும் நடிக்கிறாள் என்று கேட்ட பிறகே படத்துக்குச் சம்மதித்தேன். அவளாக வாய் திறக்கிறாளா பார்ப்போம், இல்லாவிட்டால் இன்றோடு தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

காட்சியும் வாகாக அமைந்தது. சண்டை போட்ட இரண்டு தோழிகள் எதிரெதிரே உட்கார்ந்து, முகம் பார்க்காமல் சாப்பிட வேண்டும். நான், "நீ எதுக்கு வந்த?" என்று கேட்க வேண்டும். அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும்.

"நடிக்கவே வேணாம்டி, இருக்குற மாதிரியே இருங்க, போதும்," என்றாள் டைரக்டர். கொழுப்புதான். மாடியில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் மிக்ஸி போடாதீர்கள் என்று கன்னடத்தில் கெஞ்சிவிட்டு வந்து, ஃப்ரிட்ஜை அணைத்து, இரண்டு தட்டில் உப்புமா வைத்தாள்.

எனக்குப் பச்சை மிளகாய் ஆகாது. கடித்துவிட்டால் விக்கல் எடுத்துக் கண்ணில் தண்ணீர் கொட்டும். விடுதியில் உப்புமா போடும் நாளெல்லாம், நான் வாய் வைக்கும் முன்பே அவள் என் தட்டிலிருந்து மிளகாய்களைப் பொறுக்கித் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். என்னைக் கேட்கவும் மாட்டாள், பார்க்கவும் மாட்டாள்.

"ஆக்‌ஷன்" என்றதும் இருவரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டோம். நான் ஒரு வாய் எடுக்கப் போனேன். எதிரிலிருந்து அவள் கை வந்தது. முகம் கோபத்தில் அப்படியே இருக்க, கை மட்டும் என் தட்டைத் துழாவி மிளகாய்களை எடுத்துக்கொண்டு போனது. அவளுக்கே தெரிந்திருக்காது.

எனக்கு வசனம் மறந்துபோயிற்று. "கல்யாணத்துக்கு ஏன்டி எனக்குச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கையிலிருந்த மிளகாயையே பார்த்தாள். "உனக்கு எதையும் மறைக்கத் தெரியாது. அவர உனக்குப் பிடிக்கலன்னா மூஞ்சிலயே தெரிஞ்சிடும். அதப் பாத்துட்டு நான் எப்படிடி கழுத்த நீட்டுவேன்?"

அவள் என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று இத்தனை வருடம் பொருமியிருக்கிறேன். யாரும் என்னை இவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை. அழுகை வந்தது. முதுகில் நாலு சாத்துச் சாத்தலாம் போலவும் இருந்தது.

"சரி, ஆளு எப்படி?"

"வீட்டுக்கு வந்து பாரு. பிடிக்கலன்னாலும் இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

டைரக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேந்து என் படத்தக் கெடுத்துட்டீங்க. ஒன் மோர். கோபமா," என்றாள்.

புதுத் தட்டுகள் வந்தன. நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, மிளகாயையெல்லாம் அவள் கைக்கு எட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.