ஜெராக்ஸ் அக்காவும் மில் வாசலின் மூன்று படிகளும்

ஜெராக்ஸ் அக்காவின் கடைக்குள் போக வேண்டுமென்றால் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு படி கீழே இறங்க வேண்டும். பக்கத்தில் என் செருப்புக் கடை; அதற்கும் அதே கதிதான். கட்டியபோது இரண்டு கடைகளும் தெருவைவிட இரண்டு படி உயரத்தில் இருந்தன. கடைகள் இறங்கவில்லை, ரோடுதான் ஏறியது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடலாம் என்று ரோடு போட வந்த ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. பழசின் தலையிலேயே கொட்டி உருளையை ஓட்டிவிட்டுப் போனார்கள். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் ரோடு பளபளவென்று இருக்கிறதே என்று நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

அடுத்த மழைக்குத் தெருத் தண்ணீர் முழுவதும் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கடைச் செருப்புகளில் இடது கால் அக்கா கடைக்கும் வலது கால் எதிர்க்கடைக்கும் போய்ச் சேரும். எனக்காவது செருப்பு, துடைத்து வைத்தால் பாதியாவது தேறும். அக்காவுக்குக் காகிதம். ஒரு முறை நனைந்தால் கட்டுக் கட்டாகக் குப்பைக்குத்தான் போக வேண்டும். அதனால் மேகம் கறுத்தால் போதும், எங்கே இருந்தாலும் எழுந்து ஓடி வந்துவிடுவார். ஒரு முறை பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து, மரத்துப்போன வாயோடு வந்து மண் மூட்டை அடுக்கினார். அன்று அவர் திட்டியது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

பஸ் ஓட்டுகிற அவர் கணவருக்கு இந்த ஓட்டம் பிடிக்கவில்லை. கடையை மூடிவிடு என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு தடவை ரோடு ஏறுச்சுன்னா நானே மூடிடறேன், போதுமா?" என்று அக்கா ஒரு நாள் அவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. கோபத்தில் சொன்னதல்ல. நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னதுதான்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. நகல் எடுக்க வருகிற எதையும் படிக்காமல் விடமாட்டார். மிஷினின் மூடியைத் திறந்து தாளைக் கவிழ்க்கிற அந்த ஒரு நொடி அவருக்குப் போதும். தெருவில் பலருக்கும் இது பற்றி அரசல்புரசலாகச் சந்தேகம் உண்டு. ஆனால் கையும் களவுமாக யாரும் பிடித்ததில்லை.

இந்த நிலைமையில்தான் தெருக்கோடியில் இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்த பஞ்சு மில்லுக்கு விடிவு வந்தது. கட்டடத்தின் வயது நூறுக்கும் மேலே. இடிக்கக் கூடாது, பழையபடியே சீர்செய்து, கீழே கடைகளும் மேலே தொழில் பயிற்சிக் கூடமும் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கையோடு எங்கள் தெரு ரோட்டையும் அழகாக்கப்போகிறார்கள். தரைக்குக் கல், ஓரத்தில் மரம், உட்கார பெஞ்சு. எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் மில் என்ஜினியர் ஒரு பழைய வரைபடத்தோடு அக்கா கடைக்குள் இறங்கி வந்தார். மில் ஆபீஸ் அலமாரியில் கிடைத்ததாம். மிஷினுக்கு அடங்காத பெரிய தாள். நான்கு துண்டாக நகலெடுத்து, கோட்டோடு கோடு பொருத்தி ஒட்டித் தர வேண்டும் என்றார். ஒட்டுவதற்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அக்கா தேவைக்கு மேலேயே பார்த்தார்.

அடுத்த வாரம் கடைக்காரர்கள் எல்லோரையும் மில்லுக்குள் கூட்டி உட்காரவைத்து என்ஜினியர் திட்டத்தை விளக்கினார். கல் தரை இப்போதைய ரோட்டைவிட அரை அடி உயரும் என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். பெஞ்சு, மரம் என்று படம் காட்டியதில் மயங்கிப்போய் அதற்கும் சேர்த்து நாங்கள் கை தட்டினோம். அக்கா மட்டும் எழுந்தார்.

"அப்போ எங்க கடைங்க என்ன சார் ஆகும்?"

"கவலைப்படாதீங்கம்மா. உள்ளே இறங்கறதுக்கு நல்ல படியா கட்டிக் கொடுத்துடுவோம்."

"படின்னு சொன்னீங்களே, இந்த மில்லு வாசல்ல இருந்த மூணு படி எங்க சார் போச்சு?"

என்ஜினியர் விழித்தார். "எந்தப் படி?"

"பழைய படத்துல இருக்கே. தெருவுல இருந்து மூணு படி ஏறி உள்ளே வரணும். இப்போ பாருங்க, தெருவுல இருந்து கீழே இறங்கி வர்றோம். அதோ, சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கீங்களே பழைய கதவு, வாசலை விட அரை அடி ஒசரமா இருக்குன்னு அடியில அறுக்கப் போறீங்களாமே. கதவு வளரலை சார். வாசல்தான் புதைஞ்சு போச்சு."

என்ஜினியர் கதவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி. "நான் நகல் எடுக்கத்தானேம்மா கொடுத்தேன். நீங்க அதைப் படிச்சீங்களா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கடையில் ஏதாவது ஒன்றை நகல் எடுத்தவர்கள். மருந்துக் கடைக்காரர் முகம் வெளுத்தது. அவர் விவாகரத்துக் காகிதம் அந்த மிஷினில்தான் படுத்து எழுந்தது. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் கணக்குக்கு நேரே இருக்கும் எண்ணை என் மனைவிக்கே நான் இன்றுவரை சொன்னதில்லை.

இல்லை, கண்ணில் பட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அக்கா தப்பிக்கவில்லை.

"படிச்சேன். எல்லாத்தையும்தான் படிச்சேன். இங்க இருக்கிற எல்லாரோடதும் எனக்குத் தெரியும். கடை வச்சு பதினோரு வருஷமாச்சு. ஒருத்தரைப் பத்தி ஒரு வார்த்தை வெளியே வந்திருக்கா? சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். எங்கள் தெருவில் காலையில் தும்மினால் மதியத்துக்குள் நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட தெருவில் அக்கா கடைக்குள் போன ரகசியம் ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

மறுநாள் காலை, தோண்டிப் பார்த்துவிடலாம் என்று என்ஜினியர் ஆள்களோடு வந்தார். சுவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, வாசலை விட்டு வெகுதூரம் தள்ளித் தோண்டவைத்தார். நான்கு அடுக்கு தார் வந்தது. அதற்குக் கீழே மண். படியைக் காணோம். என்ஜினியர் அக்காவைப் பார்த்த பார்வையில், எங்கள் கடைகளும் சேர்ந்து மூழ்கிவிட்டன என்றே நினைத்தேன்.

அக்காவுக்கு ஏறியதே கோபம். "வாசப்படியை நடுத்தெருவுல தேடினா எப்படி சார் கிடைக்கும்? கிட்ட வந்து தோண்டச் சொல்லுங்க!"

கிட்டே வந்து தோண்டினார்கள். கடப்பாரை கல்லில் பட்டு ணங்கென்றது. முதல் படி, அதன் கீழே இரண்டாவது, மூன்றாவது. நடுவில் நடந்து நடந்து தேய்ந்த பள்ளம்கூட அப்படியே இருந்தது. நான் விசிலடித்தேன். இந்த வயதில் செய்யக் கூடாத காரியம்தான், ஆனால் அடித்தேன்.

கட்டடம் பழையபடியே இருக்க வேண்டுமென்றால் படி வெளியே தெரிய வேண்டும். படி தெரிய வேண்டுமென்றால் தெரு முழுவதும் இரண்டு அடி இறங்க வேண்டும். என்ஜினியர் மேலிடத்தோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினார். மனுஷன் நல்லவர்தான். அதன் பிறகு குழாய், கேபிள், புழுதி என்று ஏழு மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அதைவிடப் பெரிய பாட்டை அக்கா பட்டார். அவர் படிக்கிறவர் என்று தெரிந்துபோனதால், முக்கியமான காகிதங்களை எல்லோரும் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் காலி மிஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவைக் காப்பாற்றிவிட்டுக் கடையை இழந்துவிட்டாரோ என்று எனக்கே தோன்றியது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒன்றும் செய்யவில்லை.

கடைசியில் வந்தவர் யார் தெரியுமா, மருந்துக் கடைக்காரர். லைசென்ஸ் விண்ணப்பத்தை நீட்டி, "படிச்சிட்டே எடும்மா. ஏதாவது தப்பா எழுதியிருந்தா சொல்லு" என்றார். மூன்றாவது பக்கத்தில் தேதி தப்பு என்று அக்கா கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

மில் திறந்தது, தெரு இறங்கியது, எங்கள் கடைகள் மறுபடி இரண்டு படி மேலே ஏறின. ஆனால் மழை மட்டும் வரவில்லை. மழை வராத வரை எங்களில் ஒருவருக்கும் நம்பிக்கையும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடை எல்லாம் பூட்டியிருந்தது. நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால் தெருவே அங்கே நிற்கிறது. மருந்துக் கடைக்காரர் லுங்கியோடு, எதிர்க்கடைக்காரர் பாதிச் சவரத்தோடு, அக்கா ஒரு காலில் மட்டும் செருப்போடு. பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கணவர். எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். தெருத் தண்ணீர் இரண்டு ஓரத்திலும் கால்வாய்க்குள் சலசலவென்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கடைகளின் முதல் படியைக்கூட அது தொடவில்லை.

அக்கா ஷட்டரைத் தூக்கினார். உள்ளே தரை காய்ந்து கிடந்தது. காகிதக் கட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மழையில் தெரிந்திருக்காது.

"ஏன் இன்னும் நனையற? உள்ளே போய் நில்லு" என்றார் கணவர்.

அக்கா புடவையைப் பிழிந்துகொண்டே மறுப்பாகத் தலையாட்டினார். "வேண்டாங்க. நான் போனா தரை ஈரமாயிடும்."