நாலு மணி வெயிலில் ஒரு நாற்காலி

போனில் செய்தி வந்தபோது மணி இரண்டு பத்து. சுரங்கத்தில் முதல் ஷிப்ட் விட்டு பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. “சார், உங்க அக்கா ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டாங்க” என்று தொடங்கிய குரல் “உடனே வாங்க” என்று சொல்லவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

என் அக்கா வினோலியாவுக்கு நாற்பத்தொரு வயது. சிவில் டிப்ளமோ. நெய்வேலியில் பதினாறு வருஷம் வரைபடம் போட்டாள், எல்லாம் கான்ட்ராக்ட். தாளின் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் இரண்டு எழுத்து மட்டும் அவளுடையது.

2018இல் நெய்வேலி விமான ஓடுபாதையருகே பயணிகளுக்குப் புது முனையம் கட்டத் திட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து கருணாகரன் என்ற கட்டடக் கலைஞர் வந்தார். வடக்குப் பார்த்த கண்ணாடிச் சுவர், உள்ளே முழுக்க ஏசி. அக்கா அதை விரிவாக வரைந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு பழக்கம். இடத்தில் போய் நின்று தன் நிழலைப் பார்க்காமல் திசையை நம்பமாட்டாள். தாளில் எல்லாக் கோடும் சரிபார்த்த பிறகு, கடைசியாகத்தான் வடக்குக் குறி, அதாவது வடக்கைக் காட்டும் அம்பு, போடுவாள். அந்த மே மாதம் என் வண்டியின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தபடி வந்தாள். கோலமாவால் கட்டடத்தின் கோடுகளைத் தரையில் போட்டாள். கண்ணாடிச் சுவர் வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டாள்.

“இதான் சார் உங்க சோபா. உக்காருங்க.”

கருணாகரன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மணி நாலு. வெயில் நேராக முகத்தில் அடித்தது. பக்கத்துச் சாலையில் சாம்பல் லாரி ஒன்று போனது. நாலாவது நிமிஷம் கைக்குட்டையை எடுத்தார்.

“பிளான்ல இது வடக்குதானம்மா?”

“வேற ஊர் பிளான்லேர்ந்து குறிய அப்பிடியே எடுத்து ஒட்டியிருக்கீங்க சார். இது மேக்கு. சூரியன் உங்க பிளானப் பாத்துகினா இறங்கும்?”

கட்டடத்தைத் திருப்ப ஒத்துக்கொண்டார். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல், ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஏசி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே அவள் கேட்ட நீளத் தாழ்வாரத்துக்கு மட்டும் ஆட்டவில்லை.

“பத்தொம்பது சீட் பிளேனுக்கு இவ்ளோ பெரிய தாழ்வாரம் எதுக்கு?”

“ஏறப்போறது பத்தொம்பது பேரு. வழியனுப்ப எத்தினி பேரு வருவாங்க? எங்க சித்தப்பா துபாய் போகச்சொல்ல ஒரு வேன் நெறைய போனோம். உள்ள வுடல. கைக்கொழந்தய வச்சிகினு வெயில்ல நின்னோம். இங்கயும் அப்பிடி நிக்கணுமா?”

“பாதியா வெட்டிடுங்க.”

“வெட்டமாட்டேன் சார். வேணும்னா என்ன வெட்டிட்டு வேற ஆளப் போட்டுக்குங்க.”

திரும்பும் வழியில் நான், “வேல போயிடும்க்கா” என்றேன். “போகட்டும்டா லியோ. நாற்காலிய நல்லாப் புடிச்சிக்கினு இருக்கேன், நீ வண்டியப் பாத்து ஓட்டு” என்றாள். அதன்பின் இரண்டு வாரம் தாழ்வாரத்தை ஒரு அடிகூடக் குறைக்காமல் வரைந்தாள். பிறகுதான் அந்தப் போன் வந்தது.

அடக்கத்துக்கு வடலூரில் எங்கள் வாடகை வீட்டின் முன் தெருவடைத்துக் கூட்டம். சாமியானா பத்தவில்லை. கருணாகரனும் வெயிலில்தான் நின்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். கடைசி வரைபடங்கள் அவளுடைய லேப்டாப்பில் இருந்தன.

“ஃபைலக் குடுத்தா தாழ்வாரத்தக் குறைச்சு, கடைசித் தாள்ல வடக்குக் குறி போட்டு அனுப்பிடுவேன் தம்பி.”

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு லேப்டாப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டேன்.

“எங்க அக்காவ வழியனுப்ப எத்தினி பேரு வந்தாங்க சார்? நீங்க எங்க நின்னீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாழ்வாரத்தைத் தொடமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின்தான் கொடுத்தேன். அவள் வரைந்தபடியே ஏழு தாளும் ஒப்புதலுக்கு மேலிடத்துக்குப் போயின.

இதை அரசாங்கம் கட்டுமா, கட்டாதா, எனக்குத் தெரியாது. தாழ்வாரம் இல்லாமல் கட்டினால் அந்தக் காகிதத்தோடு வாசலில் போய் நிற்பேன்.

அந்தத் தாழ்வாரம் ஏழாம் தாளில் இருக்கிறது. தூண்கள், ஓடு, பெஞ்சுகள் வரை வரைந்து முடித்திருக்கிறாள். வடக்குக் குறி போடவில்லை.