வேலிக்கு அந்தப் பக்கத்து இலை

கீரமங்கலத்தில் பிரகதாம்பாளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்த கொழுந்தன் சேவுகனோடு பேசிப் பல வருஷமாயிற்று. தன் எலுமிச்சை மரங்கள் மஞ்சளாக வெளுத்ததற்கு அவன் வைத்த செய்வினைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

யுத்தம் முடிந்த வருஷம் விவசாய ஆபீசர் ஒருவர் வந்தார். "எலையப் பரிசோதிச்சா மரத்துக்கு எந்தச் சத்து கொறையுதுன்னு தெரிஞ்சிரும்மா. கொஞ்சம் பறிச்சுக்கிறேன்."

காலடி மண்ணை எடுத்தே ஆளைச் சாய்க்கிறார்கள். இலை கிடைத்தால் விடுவார்களா? இவனையும் சேவுகன்தான் ஏவிவிட்டிருப்பான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படலைத் தாண்டாதீங்க. நானே பறிச்சுட்டு வாரேன்."

உள்ளே போனவள், வேலிக்கு மேல் கையை நீட்டி, சேவுகன் மரத்து இலைகளை உருவிக்கொண்டு வந்து கொடுத்தாள். தொலையட்டும், அவன் ஏவினது அவனுக்கே போகட்டும்.

அடுத்த மாதம் ஆபீசர் படலுக்கு வெளியே நின்றபடியே சிரித்தார். "ஒங்க மரத்துக்கு ஒரு கொறையுமில்லம்மா. ஒரமே வேண்டியதில்ல."

பிரகதாம்பாள் வேலிக்கு அப்பால் பச்சைப்பசேலென்று நின்ற மரங்களை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"செய்வினைகூட அந்தப் பாவிப்பய மரத்துல பலிக்க மாட்டேங்குதே!"