பீரோவில் இருந்த களிம்பு

போன வாரம் கண் சிவந்து, தஞ்சாவூர் மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன். கடைப்பெண் "தனித் துண்டு வச்சுக்குங்கம்மா" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. இதே உபதேசத்தைச் செய்து சம்பளம் வாங்கியவள் நான்!

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் நர்சாகச் சுற்றிய காலம். அப்போது டிரக்கோமா என்றொரு கண்நோய். ஈயும் அழுக்குத் துணியும் பரப்பும். முற்றினால் இமை உள்ளே மடங்கி, முடி உரசி உரசியே பார்வை போகும். அதை ஒழிக்கச் சர்க்கார் கொடுத்தது களிம்பும் ஒரு படமும். படத்தில் கொழுகொழு குழந்தை குழாயடியில் முகம் கழுவும். குழாயாம்! கூலிக்காரர் தெருவில் குழாயைக் கண்டவர் யார்? பக்கத்தில் இருந்த குளமோ மிராசுதாருடையது. இவர்கள் அதில் இறங்கக் கூடாது.

அந்தத் தெருவில் அஞ்சலை என்ற நடவுக்காரி, மூன்று பிள்ளைகள் கண்ணையும் முந்தானையால் மாறிமாறித் துடைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு இமை மடங்கத் தொடங்கியிருந்தது. நான்தான் பெரிய மேதாவியாயிற்றே, ஆளுக்கொரு துணி வேண்டாமா என்று சீறினேன்.

"இருக்கறது ஒரு பொடவைங்க. அதுல எத்தனை முந்தானை இருக்கும்?"

அதோடு திருந்தினேனா என்றால், இல்லை. ஊருக்கு வரும் சர்க்கார் ஆள் பெரிய வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போவது வழக்கம். தெருவுக்கான ஆறு வாரக் களிம்பையும் மிராசுதாரிடமே கொடுத்து, வந்து கேட்டால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். என்ன புத்திசாலித்தனம்!

அடுத்த வாரமே தெருக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தினார்கள். ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டதாக மந்திரிகள் மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரிலோ போலீஸ் லாரி நின்றது. கலவரப் பகுதிக்குப் போக வேண்டாம் என்றார் மேலதிகாரி. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது மிராசுதார் பீரோவைத் திறந்து காட்டினார். டியூபுகள் அப்படியே இருந்தன.

"கொடி புடிச்சவனுக்கு மருந்து ஒரு கேடா?" என்றார்.

அன்றைக்கும் காபி கொடுத்தார்கள். குடித்தேன். அஞ்சலையின் மூத்தவளுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது.

இப்போது மிராசுதாரும் இல்லை, அவர் வீடு கல்யாண மண்டபம். தெருவில் வீட்டுக்கு வீடு குழாய். அந்த நோயின் பெயரே யாருக்கும் தெரியவில்லை. மண்டபத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போனபோது மூத்தவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நல்ல கண்ணை என் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"களிம்பு கொண்டாந்த நர்சம்மாதானே நீங்க?"

ஆமாம் என்றேன். கொண்டுவந்தவள்தான். எங்கே வைத்துவிட்டுப் போனேன் என்று அவள் கேட்கவில்லை.